கதவு சாத்தியாச்சு, விமானம் ஏன் இன்னும் கிளம்பலை? விமானிகளின் நேரக் கணக்கு இதுதான்!

பழையசீவரத்தில் விடியற்காலை 3 மணிக்கு கார் ஏறி, வாலாஜாபாத், ஒரகடம் வழியாக மீனம்பாக்கம் வந்து, செக்யூரிட்டி வரிசையைத் தாண்டி சீட்டில் உட்கார்ந்தாயிற்று. கதவும் சாத்தியாச்சு. ஆனால், விமானம் நகரவில்லை. பக்கத்து சீட்காரர் கேட்கிறார்: "எல்லாரும் வந்தாச்சே, இன்னும் என்னதான் பண்றாங்க?"

நிறையவே பண்ணுகிறார்கள். பயணிகள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் சேர்ந்த எடைக் கணக்கு விமானியின் கைக்கு வர வேண்டும். டேக் ஆஃப் வேகம் அதை வைத்துத்தான் முடிவாகும். பெட்டியைப் போட்டுவிட்டு ஒருவர் விமானம் ஏறவில்லை என்றால், அந்தப் பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். ஒரு கருவி வேலை செய்யவில்லையா? அது இல்லாமல் பறக்கலாமா என்று பார்க்க தனிப் பட்டியலே இருக்கிறது. அதில் அனுமதி இல்லையென்றால், பொறியாளர் சரிசெய்து கையெழுத்துப் போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஏன் இவ்வளவு கறார்? ஓடுபாதையில் 'வி1' என்ற வேகத்தைத் தாண்டிவிட்டால், ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் மேலே ஏறித்தான் திரும்பி வர வேண்டும். சிமுலேட்டரில் விமானிகள் திரும்பத் திரும்பப் பழகுவது இதைத்தான். எனவே, சந்தேகம் எதுவானாலும் தரையிலேயே தீர்த்துக்கொள்வார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம்

பயணிகளுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல் உண்டு. விமானியின் பணி நேரம் விமானம் பறக்கும்போது தொடங்குவதில்லை. அவர் வேலைக்கு வந்து ரிப்போர்ட் செய்த நிமிடமே தொடங்கிவிடும். பனிமூட்டத்தில் 4 மணி நேரம் சும்மா நின்றாலும் அது கணக்கில் சேரும். வரம்பு முடிந்தால் அவர் இறங்கி, வேறு விமானி வர வேண்டும். தாமதம் இன்னொரு தாமதத்தைக் குட்டி போடுவது இப்படித்தான்.

2024 ஜனவரி 14 அன்று டெல்லியில் கோவா செல்லும் இண்டிகோ விமானத்தில் தாமதத்தை அறிவித்த துணை விமானியைப் பயணி ஒருவர் ஓடிவந்து தாக்கிய வீடியோ நினைவிருக்கலாம். முந்தைய குழுவின் பணி நேரம் முடிந்ததால் மாற்றாக வந்தவர் அவர். பாவம், அடி அவருக்கு!

அதற்குச் சில நாள் முன்பு, ஜனவரி 8 அன்றுதான் டிஜிசிஏ புதிய ஓய்வு விதிகளை வெளியிட்டிருந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. 'இரவு' என்பது நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்றிருந்தது 6 மணி வரை நீண்டது. இரவில் 6 முறை தரையிறங்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. விமான நிறுவனங்கள் எதிர்த்ததால் தள்ளிப்போய், 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக அமலானது.

டிசம்பரில் இண்டிகோ தடுமாறியது. புதிய விதிகளுக்கு ஏற்ப விமானிகளைத் திட்டமிடாததால், சென்னை உட்பட நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. கடைசியில், இரவுப் பணி விதிகள் சிலவற்றிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை அந்நிறுவனத்துக்கு விலக்கு தரப்பட்டது. விமானிகள் சங்கம் இதை எதிர்த்தது. திட்டமிடாதது நிறுவனம், ஓய்வு குறைவது விமானிக்கு என்றால் கோபம் வரத்தானே செய்யும்!

பயணி என்ன கேட்கலாம்?

உள்நாட்டுக் குறுகிய தூரப் பயணம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நேரத்துக்கு செக்-இன் செய்தவர்களுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால், மாற்று விமானம் அல்லது முழுப் பணத்தையும் கேட்கலாம். கேட்க வேண்டிய இடம் விமான நிறுவனத்தின் கவுன்ட்டர், விமானியின் அறை அல்ல.