அரட்டைக்கும் இலக்கணம் உண்டோ?

கைப்பேசி வந்த பின்னர் நம்மவருள் ஒரு புது வழக்கு மூண்டிருக்கிறது. நண்பர் ஒருவர் நாலு வரி எழுதி அனுப்புகிறார். அதில் லகரம் நிற்க வேண்டிய இடத்தில் ளகரம் நிற்கிறது. வல்லெழுத்து மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை. பெற்றுக்கொண்டவர் சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொள்கிறார். எழுதியவருக்குக் கோபம் வருகிறது. "அரட்டைக்கு என்ன ஐயா இலக்கணம்?" என்கிறார் அவர். "தமிழைக் கொல்லாதீர்" என்கிறார் இவர். இரு கட்சிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வாதமும் நாள்தோறும் வளர்ந்து வருகிறது. இதைச் சிறுபிள்ளைச் சண்டை என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. இந்நாட்டில் யார் வாய் திறக்கலாம், யாருடைய பேச்சு செவியில் ஏறும் என்ற பெரிய விஷயம் இதற்குள் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'வந்துவிட்டேன்' என்பதை 'வந்துட்டேன்' என்று எழுதுவது பிழையன்று. அது பேச்சு வழக்கு. பேச்சுக்கு இலக்கணமே இல்லையென்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்தறியாத கிழவியும் 'நான் வந்துட்டான்' என்று சொல்வதில்லை. மகனைக் குறித்து 'வந்துட்டான்' என்கிறாள். மருமகளைக் குறித்து 'வந்துட்டா' என்கிறாள். சம்பந்தியைக் குறித்து 'வந்துட்டாங்க' என்கிறாள். திணை, பால், எண், இடம், காலம், மரியாதை யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் அதனதன் ஸ்தானத்தில் நிற்கின்றன. இலக்கணமென்று இதற்கு மேல் யாது வேண்டும்? முன்னாளில் கடிதம் எழுத உட்கார்ந்தால் 'இவ்விடம் க்ஷேமம்' என்று தனியே ஒரு நடை கையில் வந்து ஒட்டிக்கொள்ளும். இப்பொழுது பேச்சே எழுத்தாகிவிட்டது. பட்டணத்திற்குப் போன மகன், 'நலமுடன் வந்து சேர்ந்தேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று தாய்க்குச் செய்தி அனுப்பினால், பிள்ளைக்கு என்ன நேர்ந்ததோ என்று அவள் கலங்கிப்போவாள்.

இவ்விஷயத்தில் நமது பழைய இலக்கண ஆசிரியர்கள் இன்றைய பிழை பிடிப்போரைக் காட்டிலும் தாராள மனமுடையவர்கள். தொல்காப்பியத்தின் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் சேர்த்தே நூலுக்கு ஆதாரமாகச் சொல்கிறது. அவ்விரண்டில் வழக்கையே முன்னே வைக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் வழக்கை இயல்பு வழக்கென்றும் தகுதி வழக்கென்றும் இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் மும்மூன்றாக வகுத்தார். தஞ்சாவூர் வாயில் தேய்ந்து தஞ்சையாவது மரூஉ. அதை அவர் தள்ளவில்லை; இயல்பு வழக்குக்குள்ளேயே இடங்கொடுத்து வைத்தார். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியில் தமக்குள் வழங்கும் சுருக்கங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஒருவன் உவப்பு மேலிட்டுத் தன் பசுவை 'அம்மை வந்தாள்' என்று சொன்னால், திணை வழுவினும் அஃது அமையும் என்று அவர் அனுமதி தந்தார். அன்பின் மிகுதியில் பிழை பொறுக்கலாமென்று இலக்கண நூலே எழுதிவைத்திருக்கையில், நண்பனுடைய வாழ்த்துச் செய்தியில் ஒற்றெழுத்து எண்ணுகிறவரை என்னென்பது!

ஆனால் பவணந்தியார் கொடுத்த அனுமதிக்கு எல்லையும் உண்டு. 'பறி' என்ற சொல் பொற்கொல்லர் பட்டறைக்குள் பொன்னாகும். சந்தைக்கடையில் அதைச் சொன்னால் கூடை முடைகிறவர் மீன் பறியைத்தான் எடுத்து நீட்டுவார். மற்றும், எதிரே நின்று பேசுகையில் குரலும் முகமும் கையும் சொல்லுக்குத் துணை நிற்கின்றன. எழுத்தில் அத்துணை இல்லை. 'அக்கா வந்தா பணம் கொடுத்தா' என்று ஒரு வரி வருகிறது. அக்காள் வந்தாள், பணத்தையும் கொடுத்தாள் என்பது பொருளா? அக்காள் வந்தால், வந்து பணம் கொடுத்தால், என்று வாக்கியம் பாதியில் நிற்கிறதா? வாய்ப்பேச்சில் இந்தச் சந்தேகம் எழாது. குரலின் ஏற்ற இறக்கம் தீர்த்துவிடும். கைப்பேசியில் வீட்டு வாடகை அதனால் ஒரு வாரம் தாமதப்படலாம். நடுவே ஒரு காற்புள்ளி இட்டிருந்தால், அல்லது ளகர மெய்யோ லகர மெய்யோ ஒன்றை எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எழுத்து மாறினால் பொருள் மாறும் சொற்கள் நம் பாஷையில் எத்தனை! கரி அடுப்புக்கு, கறி குழம்புக்கு. மனம் உள்ளே இருப்பது, மணம் பந்தலில் நடப்பது. 'கல்யாணத்துக்கு இரண்டு தவளை அனுப்பு' என்று மாமன் எழுதினால் மருமகன் குளத்தங்கரைக்குப் போக வேண்டியதுதான். மாமன் கேட்டது பித்தளைத் தவலை. ஒற்றும் அப்படியே. மருந்துக் கடை என்றால் மருந்து விற்கும் இடம். மருந்து கடை என்றால் மருந்தைக் கடைந்துகொண்டு உட்கார் என்று ஏவல். வேலை கொடு என்று ஒருவன் உத்தியோகம் கேட்கிறான். இடையில் ககர ஒற்று நுழைந்தால் கையிலுள்ள வேலாயுதத்தைக் கேட்கிறவன் ஆகிறான். பெரும்பாலும் இடம் நோக்கிப் பொருள் விளங்கிவிடும் என்பது மெய்தான். ஆனால் முகவரி, தொகை, நாள், மருந்தின் பெயர், ஆள் பெயர் என்னும் இந்த ஐந்திலும் இடம் நோக்கி ஊகிக்க வழியில்லை. ஊகிக்கவும் கூடாது.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது சோம்பலால் பிறந்ததென்று பலர் வைகிறார்கள். பிறந்த கதை வேறு. தந்தியில் சொல்லுக்கு இத்தனை காசென்று கட்டணம் இருந்தபடியால் ஜனங்கள் வேற்றுமையுருபையும் வினைமுற்றையும் விழுங்கி எழுதினார்கள். 2013 ஜூலையில் தந்தி நிறுத்தப்படும் வரையில் அந்த மொட்டை நடை நிலைத்திருந்தது. குறுஞ்செய்தியிலும் இடம் அளந்தே கிடைத்தது. ஆங்கில எழுத்தானால் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழெழுத்தானால் 70 இடந்தான். அந்த எழுபதிலும் உயிர்மெய்யின் கொம்பும் விசிறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனியே ஓரிடத்தைப் பிடிக்கும். 'வணக்கம்' என்பது நம் கணக்கில் ஐந்தெழுத்து; யந்திரத்தின் கணக்கில் ஏழு. காசைக் கணக்கிட்டுப் பார்த்த ஏழை மாணவன் ஆங்கில எழுத்துக்குப் போனதில் வியப்பென்ன? இன்றோ எழுத்தை எண்ணிக் காசு வாங்குவோர் இல்லை. தமிழெழுத்து எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. காரணம் போய்விட்டது; பழக்கம் நிற்கிறது. பல்லியும் பள்ளியும் ஆங்கில எழுத்தில் ஒன்றே. வலியும் வழியும் வளியும் ஒன்றே. எழுதுகிறவனுக்கு மிச்சமாகும் சிரமம் படிக்கிறவன் தலையில் ஏறுகிறது.

படிக்கிறவன் தலையில் ஏறும் சிரமம் எத்தகையது என்பதை நமது ஏடுகள் சொல்லும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை தெரியாது. ரகரமும் காலும் ஒரே வடிவம். எழுதியவருக்கும் அவருடைய மாணாக்கருக்கும் பாடம் மனப்பாடமாதலால் குறையொன்றும் தோன்றவில்லை. நூற்றாண்டுகள் கழித்து அதே ஏடுகளைக் கையிலெடுத்த சாமிநாதையர், 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிடுவதற்குள் எத்தனை பிரதிகளை ஒப்பிட்டு, எத்தனை இரவு கண் விழித்தார்! எழுதும்போது சேமித்த புள்ளிக்கு அவர் வட்டியும் முதலுமாகக் கொடுத்துத் தீர்த்தார்.

"நாங்கள் எழுதுவது காவியமன்று; இன்று எழுதி நாளை மறக்கும் வெறும் பேச்சு" என்று நண்பர்கள் ஆக்ஷேபிக்கலாம். வக்கீல்கள் இதை ஒப்ப மாட்டார்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். இந்தப் பேச்சு போவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நம் நாட்டில் அமுலிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமம், கைப்பேசியில் கிடக்கும் செய்திகளையும் தஸ்தாவேஜு என்றே கொள்கிறது. கனடா தேசத்தில் சஸ்காச்சுவான் மாகாணத்துக் குடியானவர் ஒருவருக்கு 2021-இல் தானிய வியாபாரி ஒருவர் ஆளிவிதை ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பி உறுதி செய்யும்படி கேட்டார். குடியானவர் கட்டைவிரல் தூக்கிய சிறு சித்திரத்தை மட்டும் பதிலாக அனுப்பினார். விதை வந்து சேரவில்லை. வழக்கு நடந்தது. ஒப்பந்தம் கண்ணில் பட்டதென்று காட்டத்தான் விரல் தூக்கினேன் என்றார் குடியானவர். முன்பெல்லாம் 'சரி', 'ஆகட்டும்' என்ற ஒற்றைச் சொல்லாலேயே அவர் ஒப்பந்தங்களுக்கு இணங்கி வந்ததை எடுத்துக்காட்டி, விரலும் கையெழுத்தே என்று கோர்ட்டு 2023-இல் தீர்ப்பளித்தது. 82,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது. மேல் கோர்ட்டும் அடுத்த ஆண்டில் அதை உறுதி செய்தது. எழுத்தே இல்லாத சித்திரத்திற்கு இந்த வலிவு உண்டானால், எழுத்துக்கு எவ்வளவு இருக்கும்!

இனி, ஆங்கிலம் படித்த நம் வகுப்பாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இடம் மாறிவிட்டால் நமக்கு முகம் சிவக்கிறது. அனுப்பிய செய்தியைத் திரும்ப அழைத்துத் திருத்தி மறுபடி அனுப்புகிறோம். தமிழில் றகரத்துக்கு ரகரம் போட்டுவிட்டுச் சிரித்துக்கொள்கிறோம். "நான் தமிழில் கொஞ்சம் மட்டம்" என்று அதைப் பட்டம் போலச் சொல்லிக்கொள்வாரும் உளர். இத்தகையோர் 'அரட்டைக்கு இலக்கணம் எதற்கு?' என்று கேட்கும்போது அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. எந்தப் பாஷையில் பிழை செய்தால் வெட்கமோ, அந்தப் பாஷையைத்தான் அவர்கள் மதிக்கிறார்கள்.

இவர்கள் நிலை வேறு. கீரை விற்கும் அம்மாளின் நிலை வேறு. நமக்கு முக்கியமாகப்படுவது பின்னதே. முன்னாளில் கிராமத்தான் தன் குறையை அதிகாரிக்குச் சொல்ல வேண்டுமானால், கச்சேரி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம் காசு கொடுத்து எழுதிக்கொள்வான். 'சமூகத்தின் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கும் அந்த மனுவில் பிழை இராது; பல சமயங்களில் அவன் குறையும் இராது. இன்று அவனே எழுதுகிறான். 1951-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இந்தியாவில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். 2011-இல் தமிழ்நாட்டில் எண்பதுக்கு மேல். இடையில் எழுத்துக்குள் வந்தவர்கள் நாலைந்து வகுப்பு படித்து, படிப்பை விட்டுவிட்டு, முப்பது வருஷங்களுக்குப் பிறகு கைப்பேசியின் தயவால் மறுபடி எழுதத் தொடங்கியிருப்பவர்கள். இவர்கள் பாட்டனும் முப்பாட்டனும் வாழ்நாளில் ஒரு வரி எழுதியறியாதவர்கள். நூறு பிழையோடு அவர்கள் எழுதும் வரியைக் கண்டு தமிழ் அழிந்தது என்று சிலர் அலறுகிறார்கள். பிழையின்றி எழுதிய காலத்தில் இவர்கள் எழுதவேயில்லை என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

அரசியல் ஊழியர்கள் இதைத் தனியே சிந்திக்க வேண்டும். வாதத்திற்கு விடை தெரியாதபோது எதிரியின் எழுத்துப் பிழையைச் சுட்டிவிட்டு வெற்றிச் சங்கு ஊதுவது நம்மிடையே ஒரு கலையாகிவிட்டது. 'முதலில் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டு வா' என்று சொல்வது எவ்வளவு எளிது! 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஓட்டுரிமைக்குச் சொத்தும் வரியும் படிப்பும் வேலியாக இருந்தன. அந்த வேலியைப் பிடுங்கி எறிந்து, வயது வந்தோர் அனைவர்க்கும் 1950-இல் நமது அரசியல் சாசனம் ஓட்டளித்தது. எழுத்தறியாதவனும் தன் இஷ்டத்தைத் தெரிவிக்கும் பொருட்டு 1951-52 தேர்தலில் அபேக்ஷகருக்குச் சின்னமும் தனிப் பெட்டியும் வைத்தார்கள். சாவடியில் எடுத்துவிட்ட வேலியைக் கைப்பேசியில் மறுபடி நாட்டுவது என்ன ஜனநாயகம்?

1894-இல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில், வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த காந்தியிடம் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியாள் வந்தார். கிழிந்த உடை, எஜமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம், தலைப்பாகை கையில். அவர் பேசியது தமிழ்; காந்திக்கு அது புரியவில்லை. தமிழ்க் குமாஸ்தா மூலமாகக் கேட்டறிந்து, வைத்தியரிடம் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப்போய், முடிவில் வேறொரு எஜமானரிடம் ஒப்பந்தத்தை மாற்றிக்கொடுத்தார். பின்னர் அவர் தமிழெழுத்தும் கற்றார். தமிழில் கையெழுத்திடவும் செய்தார். அவர் தமிழில் பிழைகள் இருந்திருக்கும். அவற்றை எண்ணிப் பார்த்த தமிழன் எவனும் இருந்திருக்க மாட்டான்.

அப்படியானால் ஊழியர்கள் எப்படி எழுதினாலும் சரியா என்றால், இல்லை. தனியொருவர் தம் நண்பருக்கு எழுதுவது வேறு; ஆயிரம் பேருக்குக் கூட்ட அறிக்கை அனுப்புவது வேறு. பின்னது அரட்டையன்று, பத்திரிகையின் வேலை. அனுப்புமுன் ஒரு முறை படித்துப் பார்க்க அரை நிமிஷமாகும். ஊர்ப் பெயரையும் நாளையும் பேசுவோர் பெயரையும் பிழையாகப் போட்டுவிட்டு, ஜனங்கள் வரவில்லையென்று குறைப்படுவதில் பயனில்லை.

நாளைக்கே ஒரு குடியானவர் உங்களுக்கு எழுதலாம்: 'ஐயா ஏறிக்கு தன்னீர் வரவில்லை பயிர் காயுது.' ஏரிக்கு ரகரம், தண்ணீருக்கு ணகரம். அதை அவருக்குப் பாடமாக எடுக்க வேண்டாம். 'ஏரிக்குத் தண்ணீர் விடச் சொல்லி அதிகாரியிடம் இன்று பேசினேன். வியாழக்கிழமை மடை திறக்கிறார்கள்' என்று பதில் எழுதுங்கள். முன்னதாக, அதிகாரியிடம் பேசிவிடுங்கள்.