ஓய்வூதியம் இல்லாத முன்னாள் இராணுவ வீரர்கள்: பெரிய மருத்துவச் செலவுக்கு எங்கே போவது?

குனோங் ராபாட் - கம்யூனிஸ்டுகளுடனான மோதல் 1989 டிசம்பரில் ஹட்யாய் ஒப்பந்தத்தோடு முடிவுக்கு வந்தது. அந்தக் காலக்கட்டத்தில் இராணுவத்தில் பணியாற்றியவர்கள் இன்று 60 வயதை நெருங்கியோ கடந்தோ விட்டனர். பேராக் தோட்டங்களிலிருந்து சென்ற இந்தியர்களும் அவர்களில் அடங்குவர். இப்போது அவர்களின் கவலை நீரிழிவு, இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பற்றியது.

அதிகாரி அல்லாத வீரர்கள் 21 ஆண்டு சேவையை முடித்தால்தான் ஓய்வூதியம் கிடைக்கும். 10 அல்லது 15 ஆண்டுகளில் வெளியேறியவர்களுக்கு அது இல்லை.

சாதாரண சிகிச்சையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 ரிங்கிட். ஓய்வூதியம் பெறுபவருக்கு அதுவும் இல்லை.

மருத்துவமனையில் கிடைக்காத ஒன்று தேவைப்படும்போதுதான் சுமை தெரியும். டயாலிசிஸ் வாரத்திற்கு மூன்று முறை, மாதத்திற்கு ஏறக்குறைய 13 முறை செய்ய வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் இடமில்லாமல் தனியார் மையத்திற்குச் சென்று, ஒரு முறைக்கு 200 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 2,600 ரிங்கிட் ஆகிறது.

ஓய்வூதியம் பெறுபவர்கள் இத்தகைய செலவுக்கு இராணுவ முன்னாள் வீரர் விவகாரத் துறையிடம், அதாவது ஜே.எச்.இ.வி-யிடம், விண்ணப்பிக்கலாம். அந்த மருந்தோ கருவியோ தேவை, மருத்துவமனையில் அது இல்லை என்று அரசாங்க மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பே பாரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. கணவர் இறந்த பின் அவரது ஓய்வூதியத்தைப் பெறும் மனைவிக்கும் மருத்துவச் சலுகை உண்டு.

ஓய்வூதியம் இல்லாதவர்களும் ஜே.எச்.இ.வி-யை ஒதுக்கிவிடக் கூடாது. பதிவு செய்திருந்தால், வருமானத்தைப் பொறுத்து வாழ்க்கைச் செலவு உதவி போன்ற நலத்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். இது தவிர மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, சொக்சோ. இராணுவத்திலிருந்து வெளியேறிய பின் பாதுகாவலராகவோ தொழிற்சாலையிலோ வேலை செய்து சந்தா செலுத்தியவர், 60 வயதுக்குள் சிறுநீரகம் செயலிழந்து தகுதி பெற்றால், டயாலிசிஸ் உதவி கிடைக்கும்.

இரண்டாவது, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40. ரஹ்மா ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் இது உரியது. இலவச உடல் பரிசோதனையோடு, இருதயக் குழாய் ஸ்டென்ட், கண் லென்ஸ் போன்ற கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரை உதவி உண்டு.

மூன்றாவது, மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவு. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் இது இயங்குகிறது. சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கும் இங்கிருந்து வழி கிடைக்கும்.

இந்தியாவிலும் 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் சுகாதாரத் திட்டம் பெரும்பாலும் ஓய்வூதியத்தையே அடிப்படையாகக் கொண்டது. குறைந்த காலம் பணியாற்றியவர் விடுபடுவது இங்கு மட்டும் நடப்பதல்ல.

பணிவிடுப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணப் பதிவு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அது இருக்குமிடத்தை மனைவி பிள்ளைகளிடமும் சொல்லி வைப்பது அவசியம். நோய் முற்றிய நேரத்தில் விண்ணப்பத்தோடு அலையப் போவது அவர்கள்தான்.