கலந்து தரும் மருந்தா? கவனம் தேவை!

அந்த நாளில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் கலக்கிக் கொடுத்த மிக்ஸரை வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று பெரும்பாலான மருந்துகள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. ஆனாலும், கலந்து தரும் மருந்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இருதயக் கோளாறு அல்லது வலிப்பு உள்ள கைக்குழந்தை, பெரியவர்களின் மாத்திரையை விழுங்க முடியுமா? அளவும் ஒத்து வராதே! அப்போது மருத்துவமனை மருந்தாளர், டாக்டர் எழுதிய அளவுப்படி மாத்திரையைப் பொடித்து, அதற்குரிய திரவத்தில் கலந்து போத்தலில் தருகிறார். அது அந்த ஒரு பிள்ளைக்காகவே செய்த மருந்து.

தாய்மார்களே, அந்தப் போத்தலை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். முதலில் குறைவாகவும் கடைசியில் அதிகமாகவும் போய்ச் சேரும். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். இத்தகைய கலவைகள் சீக்கிரம் கெட்டுவிடும். போத்தலில் எழுதியிருக்கும் தேதி தாண்டினால், மீதியிருந்தாலும் கொடுக்க வேண்டாம்.

"மாத்திரையை நாமே பொடித்தால் என்ன?" என்று கேட்பீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, நாள் முழுவதும் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பொடித்தால் ஒரு நாள் மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். டாக்டரையோ மருந்தாளரையோ கேட்காமல் பொடிக்காதீர்கள்.

இன்னொரு கலவையும் உண்டு. மூட்டுவலிக்கென்று சந்தையிலும் வீட்டு வாசலிலும் விற்கும் பெயரில்லாப் பொடியும் உருண்டையும்தான் அது. நம் நாட்டில் பிடிபட்ட இத்தகைய சரக்குகளில் டெக்ஸாமெதாஸோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது பலமுறை தெரிய வந்திருக்கிறது. வலி சட்டென்று குறையும். நாளாக நாளாக முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். இதைப் பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே, மிச்சப் பொடியையும் எடுத்துக்கொண்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் திட்டமாட்டாரோ என்று மறைக்காதீர்கள்.

கடையில் வாங்கும் மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளோடு பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையில் கலந்து தந்த போத்தலில் நோயாளியின் பெயரும், மருந்தின் பெயரும், அளவும், தேதியும் இருக்க வேண்டும்.

மூட்டுவலியும் சர்க்கரையும் ஓரிரு நாளில் தீர்கிற நோய்கள் அல்ல. "இரண்டே நாளில் குணம்" என்று சொல்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இதில் என்ன கலந்திருக்கிறது?" பதில் சொல்லத் தெரியாதவரிடம் காசு கொடுக்காதீர்கள்.