மின்கம்பத்தில் பறிபோகும் உயிர்கள்: கவனக்குறைவு மட்டும்தானா காரணம்?

புது தில்லி: பணியின்போது மின்சாரம் தாக்கி ஊழியர் ஒருவர் உயிரிழந்தால், அதற்கு எளிதில் சொல்லப்படும் காரணம் "கவனக்குறைவு'. கையுறை அணியவில்லை, பாதுகாப்பு பெல்ட் கட்டவில்லை என்பதோடு கோப்பு மூடப்பட்டுவிடுகிறது. ஏன் அணியவில்லை என்ற கேள்வி எழுவதில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021-ல் மின்சாரம் தாக்கி நாடு முழுவதும் 12,500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொதுமக்களும் மின் ஊழியர்களும் இதில் அடங்குவர்.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-ல் வகுக்கப்பட்டு, 2023-ல் புதுப்பிக்கப்பட்டன. ரப்பர் கையுறை, தலைக்கவசம், பெல்ட், மின்னோட்டத்தைக் கண்டறியும் கருவி ஆகியவற்றை ஊழியர்களுக்கு வழங்க வேண்டும் என அவை வலியுறுத்துகின்றன. மின்சாரத்தைத் துண்டித்துச் செய்யும் பணிகளில், மின்னோட்டம் இல்லையெனச் சோதித்து, கம்பிகளை "எர்த்' செய்த பிறகே கைவைக்க வேண்டும்.

இந்தச் சில நிமிட வேலைதான் அவசரத்தில் கைவிடப்படுகிறது. வட மாநிலங்களில் கோடையில் மின்தேவை உச்சத்தைத் தொடும். 2024 ஜூன் 19-ல் தில்லியின் தேவை 8,656 மெகாவாட்டை எட்டியது. மின்மாற்றிகள் பழுதாவதும், புழுதிப்புயலில் கம்பிகள் அறுந்து விழுவதும் இதே பருவத்தில்தான். உறக்கமின்றி இரண்டாவது ஷிஃப்டைத் தொடரும் ஊழியரைக் கீழே திரண்ட கூட்டம் விரட்டுகிறது. அதிகாரியின் தொலைபேசி அழைப்பும் விரட்டுகிறது. வியர்வையில் நனைந்த கையுறை கழற்றப்படுகிறது.

"ஷட் டவுன்' எனப்படும் மின்நிறுத்த அனுமதி எழுத்து மூலமன்றி வாய்மொழியாகப் பெறப்படும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது. வேலை முடிந்துவிட்டதாகக் கருதித் துணை மின்நிலையத்தில் மற்றொருவர் சுவிட்சைப் போட்டால், கம்பத்தில் இருப்பவர் தப்ப வழியில்லை. முறையாக இணைக்கப்படாத ஜெனரேட்டரிலிருந்து பின்னோக்கிப் பாயும் மின்சாரமும் எமனாகலாம். "எர்த்' செய்திருந்தால் இவ்விரு சூழல்களிலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு பெரிதும் கூடும்.

மின் நுகர்வோர் உரிமை விதிகள், 2020, நுகர்வோருக்கு 24 மணி நேர மின்விநியோகத்தை உறுதியளிக்கின்றன. சேவை தாமதமானால் இழப்பீடும் உண்டு. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்த உறுதியை நிறைவேற்றும் சுமை, போதிய ஆள்பலமின்றிக் களத்தில் நிற்பவரின் தோளில் இறங்குகிறது. பழுதை நீக்கக் கெடு உண்டு. பாதுகாப்பாக வேலை செய்யத் தேவையான நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

மின்சாரச் சட்டம், 2003-ன் 161-வது பிரிவு, விபத்து குறித்து மின் ஆய்வாளர் விசாரிக்க வழிவகுக்கிறது. இறந்தவர் எத்தனை மணி நேரம் தொடர்ந்து பணியாற்றினார், உடன் எத்தனை பேர் இருந்தனர், வேலையை விரைவுபடுத்தியது யார் என்பவையும் அந்த விசாரணையில் பதிவாக வேண்டும். நிரந்தர ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற வேறுபாடு இதில் கூடாது.

தேசிய பாதுகாப்பு தினமான மார்ச் 4, லைன்மேன் தினமாகவும் கொண்டாடப்படுகிறது. அன்று பாராட்டுச் சான்றிதழ் வழங்குவதைவிட, பாதுகாப்பற்ற நிலையில் "ஏற மாட்டேன்' என்று மறுக்கும் உரிமையை ஊழியருக்கு ஆண்டு முழுவதும் உறுதிசெய்வதே உண்மையான மரியாதையாகும்.