பழைய ஓட்டு வீட்டிற்குச் சூரிய மின்சாரம்

பாட்டன் காலத்து ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்கும்போதே சூரிய மின் தகடுகளையும் பொருத்திவிடலாமா என்று விவசாயிகள் பலர் கேட்டு வருகின்றனர். பொருத்தலாம். ஆனால் தகடு கடைசி வேலை. வீட்டைச் சரிசெய்வதே முதல் வேலை. வரிசை மாறினால் பணம் வீணாவதோடு கடனும் மிஞ்சும்.

முதலில் மின் கணக்கு அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். ஒரு வீட்டில் 190 யூனிட் ஆவதாக வைத்துக்கொள்வோம். 75 வாட் எடுக்கும் பழைய மின்விசிறிகள் மூன்று, நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், 60 நாளில் அவை மட்டுமே 162 யூனிட்டை இழுத்துவிடும். அவற்றை மாற்றி, 30 வாட் எடுக்கும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறிகளைப் பொருத்தினால் அதே ஓட்டத்திற்கு 65 யூனிட் போதும். வீட்டின் மொத்தச் செலவு 93 யூனிட்டாக இறங்கி, இலவச அளவுக்குள் வந்துவிடும். இத்தகைய வீட்டிற்குச் சூரிய மின் தகடு தேவையே இல்லை. விற்க வருபவர்கள் இதைச் சொல்வதில்லை.

அடுத்து வெப்பம். பழைய வீட்டின் முற்றமும் தாழ்வாரமும் சும்மா கட்டப்பட்டவை அல்ல; சூடேறிய காற்று முற்றம் வழியே மேலேறி வெளியேறுகிறது. முற்றத்தைத் தகரம் போட்டு மூடியவர்கள் பகலிலும் விளக்கும் விசிறியும் போட வேண்டியுள்ளது. மூடியிருந்தால் திறந்துவிடுவது நல்லது. இருட்டறைகளில் இரண்டு கண்ணாடி ஓடுகளைச் செருகினால் பகல் வெளிச்சம் கிடைக்கும். உடைந்த ஓடுகளுக்குப் பதிலாக ஓடே போட வேண்டும். தகரம் அடுப்புபோலக் காயும். வீட்டின் ஒரு பகுதி மெத்தையாக இருந்தால் மேல்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு முறை பூசலாம். கோடையில் கீழ் அறையின் புழுக்கம் குறைவது அன்றே தெரியும்.

குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், மாவு அரைக்கும் இயந்திரம் என்று 300, 400 யூனிட் செலவாகும் வீடுகளுக்கே தகடு பயன் தரும். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது குறையும்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். இன்று கிடைக்கும் 540 வாட் தகடு ஒன்று ஏறத்தாழ ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம் இருக்கும். எடை 28 கிலோ அளவில் வரும். எடையைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். பலமான காற்று தகட்டின் அடியில் புகுந்து அதை மேலே தூக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளை என்ன செய்தது என்பதை டெல்டா விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. கரையான் தின்ற கைமரமும் ரீப்பரும் இந்த இழுப்பைத் தாங்கா. ஆகவே ஓட்டின்மேல் தகடு வேண்டாம். மரச் சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெத்தையானால், சட்டத்தின் முனைகள் சுவருக்குள் உளுத்திருக்கின்றனவா என்று தச்சரையும் கொத்தனாரையும் கொண்டு பார்க்க வேண்டும். தாங்கியின் கால்கள் சுவரின்மேல் நிற்க வேண்டுமேயன்றித் தளத்தின் நடுவில் அல்ல. சுண்ணாம்புத் தளத்தைத் துளைத்தால் ஒழுக்கு நிச்சயம்.

இதற்கெல்லாம் வழியில்லாவிட்டால், களத்தின் ஓரத்தில் கான்கிரீட் அடித்தளமிட்டு இரும்புத் தாங்கி நிறுத்தலாம். அடியில் மாடு கட்ட நிழலும் கிடைக்கும். தகடு தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சாய்ந்திருக்க வேண்டும். தென்னை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும், அதனோடு வரிசையாக இணைத்த மற்றத் தகடுகளின் மின்சாரமும் குறையக்கூடும்.

மின்வாரியக் கம்பியோடு இணைக்கும் சாதாரண அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. தடை நேரத்திலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரி தேவை, செலவு கூடும். இதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டிற்கு 30,000, 2 கிலோவாட்டிற்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. இப்பணம் வேலை முடிந்து மீட்டர் வைத்த பிறகே வங்கிக் கணக்கில் சேரும். எனவே மானியத்தை நம்பி வட்டிக்கு வாங்குவது சரியல்ல, வங்கிக் கடனைக் கேட்கலாம். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தை முன்னதாகவே முடித்துவிட வேண்டும். பழைய வீடுகளில் இதற்கே மாதக்கணக்காகிறது.

கதிரடிக்கும் காலத்தில் தூசி படிந்து மின்சாரம் குறையும். காலை வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். உச்சி வெயிலில் சூடான கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. உப்புக் கிணற்று நீரும் ஆகாது, வெண்படலம் படிந்துவிடும்.