இயங்குதளம் மாறிய மறுநாள்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லையோரக் கிராமங்களில் தமிழ்வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் கணிப்பொறி ஒரு தேர்வுப் பாடம் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். கேரளத்தில் 2001ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமாகத் தொடங்கி, 2017ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருளையே வழங்கி வருகிறது. உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு 2019லும், 22.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு 2024லும் வந்தன. பள்ளியில் புதியது வந்துவிட்டால், வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணிப்பொறியையும் மாற்ற வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பது இயல்புதானே. மாற்றிய மறுநாள், நேற்றுவரை ஓடிய புரோகிராம் ஓடாது. என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் அந்த மறுநாளில்தான் அழைக்கிறார்கள்.

கடைக்குக் கொண்டுபோனால் அநேகமாக ஒரே பதில்தான். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும்." ஒரு வீட்டில் அப்படி அழிக்கச் சம்மதித்துவிட்டார்கள். அக்காவின் பிளஸ் டூ புராஜக்ட், அம்மாவின் தையல் கணக்கு, இறந்துபோன தாத்தாவின் படங்கள் எல்லாம் போயின. அந்தக் கணிப்பொறிக்கு வேண்டியிருந்ததோ நான்கே கட்டளைகள். அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக் கணிப்பொறிக்கு மட்டுமே இது பொருந்தும். பள்ளியில் உள்ளவற்றைப் பொறுப்பாசிரியர் பார்த்துக்கொள்வார்.

தொடங்குமுன் இரண்டு வேலை. கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டெர்மினலைத் திறந்து 'யுநேம்' என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறு கோடும் 'எம்' எழுத்தும் சேருங்கள். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுக.) விடையில் 'ஐ686' என்று வந்தால் அங்கே இயங்குவது 32 பிட் தளம், அதிலிருந்து 20.04க்கோ 22.04க்கோ ஏற முடியாது. 64 பிட் என்றாலும் 18.04லிருந்து நேரே 22.04க்குத் தாவக் கூடாது. 20.04 என்ற படியில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி. ஒரு பொதி இயங்க வேறு சில பொதிகள் வேண்டும். மேம்படுத்தும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட பொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக முதலில் பிரிக்கப்பட்டு, பிறகு பொருத்தப்படுகின்றன. நம் பக்கத்தில் மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பேட்டரி செத்த கணிப்பொறி என்றால், பாதிப் பொதிகள் பிரித்தும் பொருத்தாமலும் நின்றுவிடும். அடுத்த முறை எதை நிறுவப் போனாலும் "டி.பி.கே.ஜி. இடையில் நின்றுவிட்டது, இந்தக் கட்டளையை நீங்களே கொடுக்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். மருந்தின் பெயரும் அதே வரியில் இருக்கும்! படிக்காமலே பயந்துவிடுகிறோம். 'சூடோ டி.பி.கே.ஜி.', பிறகு இரு சிறு கோடுகளுடன் 'கான்ஃபிகர்', பிறகு ஒரு சிறு கோடுடன் 'ஏ'. அது முடிந்ததும் 'சூடோ ஆப்ட்', இரு கோடுகளுடன் 'ஃபிக்ஸ்-புரோக்கன்', 'இன்ஸ்டால்'. பின்னர் 'சூடோ ஆப்ட் அப்டேட்', 'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. மேலே சொன்ன நான்கு கட்டளைகள் இவைதாம். எதையாவது நீக்கப்போவதாகப் பட்டியல் காட்டினால், அதைப் படித்துவிட்டே சம்மதம் கொடுங்கள்.

"பூட்டுக் கிடைக்கவில்லை" என்று செய்தி வந்தால், பின்னணியில் இன்னொரு புதுப்பித்தல் ஓடுகிறது என்று பொருள். பத்து நிமிடம் பொறுங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கும் வித்தையைச் சிலர் சொல்லித் தருவார்கள், செய்ய வேண்டாம்.

இதைவிடச் சிக்கலானது முகவரிக் கோளாறு. 1956 நவம்பர் 1ல் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்குப் பிறகும் விளவங்கோட்டு மனுவைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினால் என்ன பயன்? பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்ற முகவரிப் பட்டியலிலும் இதே கதைதான். 18.04ன் செல்லப்பெயர் 'பயோனிக்', 22.04ன் பெயர் 'ஜாமி'. மேம்படுத்தும்போது வெளியார் முகவரிகளைக் கணிப்பொறி தானே நிறுத்தி வைக்கும். அவசரப்பட்டு யாராவது பழைய 'பயோனிக்' முகவரியை மறுபடி திறந்துவிட்டால், இரண்டு காலத்துப் பொதிகள் கலந்து, "சார்புகள் நிறைவேறவில்லை" என்ற புலம்பல் தொடங்கும். 'சாஃப்ட்வேர் அண்டு அப்டேட்ஸ்' என்ற சாளரத்தில், பிற மென்பொருள் என்ற பகுதியில் பார்த்துப் பழைய பெயர் உள்ளவற்றின் குறியை எடுத்துவிடுங்கள்.

இப்போது கம்பைலர். 'ஜி.சி.சி.' என்ற கட்டளையே இல்லை என்றால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்டு-எசென்ஷியல்' போதும். சி, சி பிளஸ் பிளஸ் இரண்டுக்கும் வேண்டிய கருவிகள் சேர்ந்து வரும். கம்பைலர் இருந்தும் ஏதோ ஒரு தலைப்புக் கோப்பு இல்லை என்றால், அந்த நூலகத்தின் 'டெவ்' என்று முடியும் பொதியை நிறுவ வேண்டும். ஆனால் 'ஐயோஸ்ட்ரீம்.எச்' இல்லை என்று வந்தால் எந்தப் பொதியாலும் பயனில்லை. அது டர்போ சி காலத்து எழுத்து. 'எச்' இல்லாமல் எழுதி, அடுத்த வரியில் 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' சேர்க்க வேண்டும். பல கோப்புகளாக எழுதிய சி புரோகிராமில் "பலமுறை வரையறுக்கப்பட்டது" என்ற பிழை புதிதாக முளைத்தால் அதற்கும் காரணம் உண்டு. 18.04ல் இருந்தது ஜி.சி.சி. 7, 22.04ல் இருப்பது 11. இடையில் 10ஆம் பதிப்பிலிருந்து, தலைப்புக் கோப்பில் 'எக்ஸ்டர்ன்' இல்லாமல் வெறுமனே அறிவித்த மாறியைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் நின்றுவிட்டது. இங்கே திருத்த வேண்டியது நம் புரோகிராமைத்தான்.

பிழைகள் நூறு வரி வந்தாலும் முதல் வரியை மட்டும் பாருங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், திரையில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு அந்த ஒரு வரியைப் பெரியவர்கள் தமிழில் சொல்லிக்கொடுத்தால், அடுத்த முறை அதுவே படித்துக்கொள்ளும்.

பைதானில் வரும் தொல்லை தனி ரகம். பைதான் 2 என்பது 2020 ஜனவரி 1 உடன் ஆதரவை இழந்தது. பழைய குறிப்பேட்டில் 'பிரிண்ட்' என்பதற்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியது இப்போது பிழையாகும். 'பைதான்' என்று தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும்; 'பைதான்3' என்று தட்டுக. பைதானும் 3.6லிருந்து 3.10க்கு மாறிவிட்டதால், 'பிப்' மூலம் முன்பு நிறுவிய நூலகங்கள் பழைய எண்ணுள்ள அடைவிலேயே கிடக்கும், புதியது அவற்றைக் காணாது. மறுபடி நிறுவ வேண்டியதுதான். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். கணிப்பொறியோடு வந்த பைதானை நீக்கவோ, அதன் இணைப்பை வேறு பதிப்புக்குத் திருப்பவோ வேண்டாம். உபுண்டுவின் பல உறுப்புகள் அதன்மேல் நிற்கின்றன. மாற்றினால் சில வேளை டெர்மினலே திறக்காது, எந்தக் கட்டளையும் கொடுக்க வழியில்லாமல் போகும்.

கடைசியாக, நம்மவர்க்கே உரிய ஒரு தொல்லை. எல்லாம் சரியான பிறகும் தமிழில் தட்டச்சு வராமல் போகலாம். எழுத்துரு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் எழுத்துருக்களைத் தேடுகிறார்கள். தமிழ் எழுத்துக்கள் திரையில் ஒழுங்காகத் தெரிந்தால் எழுத்துருவில் குறையில்லை. 'ஐபஸ்-எம்17என்' என்ற பொதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவி, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்ளே வந்து, அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் தமிழைச் சேருங்கள். தமிழ்99, தட்டச்சு, ஒலியியல் ஆகிய மூன்றும் அங்கேயே கிடைக்கும்.