கீறலைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி நகத்தை வெச்சுப் பாருங்க

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

போன ஆடி மாசம் அப்பா ஊருக்குப் போயிருந்தார். அவர் ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிய கார், அடர் நீலக் கலர், சாவி என் கையில். பெருங்குடியில் எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் வண்டியைத் திருப்பும்போது பின்கதவு தூணில் உரசிவிட்டது. கறுப்பு மஞ்சள் பட்டை அடித்த தூண். இறங்கிப் பார்த்தால் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் கோடு. அப்பா திரும்பி வர நாலு நாள்தான் இருந்தது.

மூணு வீடியோ பார்த்தேன். ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்ட் வாங்கி வந்து, ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்துத் தேய்த்தேன். மஞ்சள் போய்விட்டது. ஆனால் கதவின் மடிப்பு ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பளபளப்பே இல்லாமல் மங்கலாக ஒரு திட்டு வந்துவிட்டது. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது போகவில்லை. ஆபீஸில் ஒரு ஜூனியர் லாகைக்கூடப் பார்க்காமல் புரோகிராமை மாற்றினால் நானே திட்டுவேன். அதே வேலையைத்தான் அப்பா கார்ல பண்ணியிருக்கேன்.

தாள் கனத்துக்குள்ள நாலு அடுக்கு

கார் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு இல்லை. இரும்புத் தகட்டின் மேல் முதலில் ஈ-கோட். முழு பாடியையும் ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒட்ட வைக்கும் பூச்சு இது. துருவைத் தடுப்பதுதான் இதன் வேலை. அதன் மேல் பிரைமர். அடுத்து பேஸ் கோட், அதுதான் கலர். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பும், வெயிலைத் தாங்குவதும் இந்தக் கடைசி அடுக்கின் பொறுப்பு.

நாலையும் சேர்த்தாலும் கனம் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு ஏ4 தாளின் கனம் சுமார் 100 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும், அதாவது பாதித் தாள்.

காம்பவுண்ட் கீறலை நிரப்பாது. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சுரண்டி, பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதித் தாளில் கொஞ்சம் போய்விடும், திரும்ப வராது. இதுக்கு கன்ட்ரோல் இசட் கிடையாது. மடிப்பிலும் ஓரத்திலும் கையின் அழுத்தம் முழுக்க ஒரே கோட்டில் விழும், பூச்சும் அங்கே மெலிசாக இருக்கும். என் திட்டு வந்தது சரியாக அந்த இடத்தில்.

நாலு சோதனை, அஞ்சு நிமிஷம்

முதலில் அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவுங்க. மண் இருக்கும்போது துடைத்தால் நீங்களே புதுக் கீறல் போடுவீங்க.

ஒன்று, தடவிப் பாருங்க. மேடாகத் தெரிந்தால் அது கீறலே இல்லை, எதிராளியின் பெயிண்ட் உங்க வண்டி மேல் ஒட்டியிருக்கு. மைக்ரோஃபைபர் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். தின்னரைத் தொடாதீங்க, அது உங்க பெயிண்டையும் கரைக்கும். என் மஞ்சள் கோட்டில் முக்கால்வாசி இந்த வகைதான். ஒரு மணி நேரம் நான் தேய்த்தது கீறலையே இல்லை, தூணோட பெயிண்டை!

இரண்டு, தண்ணீர் தெளிங்க. ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டுக்குள்ளேயே நிற்கும் கீறல். பள்ளத்தின் ஓரத்தில் வெளிச்சம் சிதறுவதால்தான் கோடு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் பள்ளத்தை நிரப்பினதும் சிதறல் நின்றுவிடும். தேங்காய் எண்ணெய் தடவினா கீறல் போயிடும்னு சொல்றதும் இதே வித்தைதான். ரெண்டு தடவை கழுவினா பழையபடி வந்து நிக்கும்.

மூன்று, கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டுங்க. மாட்டாமல் வழுக்கினால் பாலிஷுக்கு அடங்கும். மாட்டினால் காம்பவுண்டைக் கீழே வையுங்க.

நான்கு, பள்ளத்தின் அடியில் என்ன நிறம்? வண்டியின் கலரே தெரிந்தால் பரவாயில்லை. சாம்பல் அல்லது வெள்ளை என்றால் பிரைமர். பளிச்சென்று உலோகமோ பழுப்போ தெரிந்தால் அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அவசரம். பம்பர் மட்டும் விதிவிலக்கு. அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, சாவகாசமாகப் பார்க்கலாம்.

மேலோட்டமான கீறலுக்கு

நிழலில், பாடி சூடு ஆறின பிறகு ஆரம்பிங்க. மடிப்பு, ஓரம் எல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. துணியில் பட்டாணி அளவு காம்பவுண்ட் எடுத்து, ஒரு சாண் இடத்துக்குள் மட்டும் மிதமாகத் தேய்த்து, துடைத்துப் பாருங்க. முக்கால்வாசி மறைந்தால் அதோடு நிறுத்துங்க. மிச்சத்தையும் எடுக்கணும்ங்கிற வெறிதான் கிளியர் கோட்டைத் தின்னுது. பிறகு ஃபைன் பாலிஷ், வேக்ஸ். பற்பசையும் ஒரு அப்ரேசிவ்தான், ஆனா அது பெயிண்டுக்காகச் செய்தது இல்லை. 2000 நம்பர் வாட்டர் பேப்பரை முதல் தடவையே கையில் எடுக்காதீங்க.

ஆழமான கீறலுக்கு

இங்கே நோக்கம் அழகு இல்லை, மூடுவது. கதவைத் திறந்தால் தூணிலோ, பானெட்டைத் தூக்கினால் உள்ளேயோ ஒட்டியிருக்கும் தகட்டில் பெயிண்ட் கோட் இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பெயிண்ட் வாங்குங்க. துருவை எமரி பேப்பர் நுனியால் சுத்தமாக எடுத்து, ஆல்கஹாலால் துடைங்க. பல்குத்தும் குச்சியால் ஒரு புள்ளி பிரைமர், காய்ந்ததும் கலர் மெலிசாக ரெண்டு மூணு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை மணி நேரம், கடைசியில் கிளியர். மழை நாளில் செய்யாதீங்க, ஈரப்பதம் சிக்கினால் பூச்சு வெளுத்துவிடும்.

உள்ளங்கையை விடப் பெரிய கீறல், ஒடுக்கு விழுந்த இடம், நீளமான மெட்டாலிக் கலர் கீறல், இதெல்லாம் டிங்கரிங் கடை வேலை. இன்ஷூரன்ஸில் போடலாமே என்பவர்கள் ஒரு கணக்குப் போடுங்க. கிளெய்ம் இல்லாத முதல் வருஷம் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதம், அஞ்சு வருஷத்தில் 50 வரைக்கும் போகும். ஒரு கிளெய்ம் போட்டால் அது வழக்கமாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

அப்புறம் என்ன ஆச்சு?

அப்பா வந்தார், கதவைப் பார்த்தார். "இடிச்சது சரிடா. இது என்ன, தேமல் மாதிரி?" என்றார். உண்மையைச் சொல்லிட்டேன்.

பத்து நாள் கழித்து வண்டியைத் துடைக்கும்போது அவர்தான் அதைக் கண்டுபிடித்தார். கோடு முடிகிற இடத்தில், கடுகு அளவு பழுப்புப் புள்ளி. தூணின் முனை அங்கே இரும்புவரைக்கும் குத்தியிருக்கு. சாயங்கால மழையும் கடல் காத்தும் மிச்ச வேலையைப் பார்த்துவிட்டன. ஆபத்தே இல்லாத மஞ்சளை ஒரு மணி நேரம் தேய்த்த நான், அதைக் கவனிக்கவே இல்லை.

ஜிபி ரோடு போய் டச்-அப் பெயிண்ட் வாங்கி வந்தோம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குச்சியால் புள்ளி வைத்தார், நான் டார்ச் பிடித்தேன். "கிட்டப் பாத்தா தெரியுமேப்பா" என்றேன். "தெரியட்டும், துரு ஏறாது இல்ல?" என்றார்.

தேமல் இன்னும் அப்படியேதான் இருக்கு. தீபாவளி போனஸ் வந்ததும் கதவு டிங்கரிங் கடைக்குப் போகுது. உங்க வண்டியில் கோடு விழுந்தா, முதல்ல தண்ணி, அப்புறம் நகம். காம்பவுண்ட் டப்பா கொஞ்சம் காத்திருக்கட்டும். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.